சுவரில் தட்டிய சுரை விதை

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இருபதாம் நாள், எங்கள் வீட்டின் ஒரு வருஷத்துச் சுரைக்காய் முழுவதையும் அடுப்பில் வைத்து எரித்தேன். எரிக்கும்போது, என்ன ஜோராக எரிகிறது என்று சந்தோஷமும் பட்டுக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவள். பேசுகிற மாதிரியேதான் எழுதவும் வரும்.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் பிறந்தது அம்பத்தூர் பக்கம். தை மாதக் கடைசியில் கல்யாணம் நடந்தது. அது யுத்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. சுற்றுவட்டாரத்துக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விடிவதற்கு முன்பே வண்டி ஏறி அங்கே போய்விடும். சந்தையில் நமக்கென்று மிஞ்சுவது சொத்தைக் காய்தான். வீட்டுப் புழக்கடையில் என்ன காய்க்கிறதோ அதுதான் குழம்பில் விழும்.

அந்தப் புழக்கடையை ஆண்டவர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதுக்குள் இருக்கும். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாகத்தான் இருப்பார். வலது கைச் சுண்டுவிரல் எப்போதோ உரலில் நசுங்கி, கொக்கி மாதிரி வளைந்து போயிருக்கும். அவர் வீட்டில் எந்தப் பொருளும் ஒரே வேலை செய்துவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ள முடியாது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. குளிக்கிற கல்லிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வாழைக்குப் போகும். மீன் அலசிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. உடுத்திக் கிழிந்த புடவை, நீள நீளமாகக் கிழிபட்டு அவரைக்கொடியைப் பந்தலில் கட்டும். அடி ஓட்டையான பானைக்குத் துணித்திரி செருகி, செடிக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார். வெயிலில் வேருக்கு அது சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கும்.

வந்த மறுநாளே நான் குளித்து மிஞ்சிய தண்ணீரை வேலிப்பக்கம் வீசினேன்.

"ஏம்மா, அந்தத் தண்ணி இன்னா தப்பு பண்ணுச்சு? வேலை குடுக்காம தொரத்திட்டியே" என்றார் அத்தை.

அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேடிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்று முதல் அவர் சொல்வதையெல்லாம் முந்தானையில் முடிவது மாதிரி மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் எங்கள் வேலியோரமாக ஒரு கலகலச் சத்தம் போகும். தாமரைக் குளத்துக்கு இலை பறிக்கப் போகிறவர், காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவார். நடக்க நடக்க அது குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து வாசலுக்குச் சாணம் தெளிக்கப் போவார். எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் அதுதான்.

மாசி பிறந்த சில நாளில் செம்பரம்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம், பக்கத்தில் யாருமில்லை என்று. அத்தை வண்டியில் ஏறும்வரை எனக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தார். மாட்டுக்கு எவ்வளவு தவிடு, ஊறுகாய்ச் சாடியை எந்தக் கையால் திறப்பது, வேப்பம்பூ உதிர ஆரம்பித்தால் மரத்தடியில் எந்தத் துணியை விரிப்பது என்று எல்லாமே சொன்னார். கடைசியாக, வண்டி நகரும்போது, "பங்குனி பொறக்கறதுக்குள்ள வந்துடுவேன். நான் வந்துதான் சொரை ஊனணும். நீ அதுல கைய வெச்சுடாத!" என்று கத்தினார்.

சுவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. இந்தப் பக்கத்தில் கொடிக்காய் விதையை ஈரச் சாணத்தில் புதைத்து, சின்ன வறட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார்கள். பூச்சி அரிக்காது, எலி தொடாது. ஊன்றுகிற நாளில் பெயர்த்துக் குழியில் வைத்தால் விதையும் எருவும் சேர்ந்தே உள்ளே போய்விடும். எங்கள் அம்பத்தூர் வீட்டில் அப்படி இல்லை. விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு உறியில் தொங்கவிடுவார்கள். எனக்கு விதை என்றால் உறி, வறட்டி என்றால் அடுப்பு. அவ்வளவுதான் தெரியும்.

அத்தை போன நாலாம் நாள், மாசியில் வரக்கூடாத மழை வந்தது. முதல் நாள்தான் என் வீட்டுக்காரர் இரண்டு மரக்கால் நெல்லை ஊறப்போட்டிருந்தார். ஊறின நெல்லை அன்றைக்கே அவிக்காவிட்டால் புளித்து நாறும். விறகும் ஈரம், வறட்டிக் குவியலும் ஈரம். ஊதி ஊதி என் கண்தான் சிவந்தது. அப்போதுதான் அடுக்களையின் பின்சுவரில், கூரை இறவாணத்துக்குக் கீழே, வரிசையாகத் தட்டியிருந்த சின்ன வறட்டிகள் கண்ணில் பட்டன. இருபதுக்கு மேல் இருக்கும். ஒரு சொட்டு மழை படவில்லை. அத்தை எவ்வளவு முன்யோசனையாக அவசரத்துக்கென்று வைத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே எல்லாவற்றையும் பெயர்த்துக் கூடையில் போட்டு வந்தேன்.

அடுப்பு குப்பென்று பற்றியது. நடுநடுவே படபடவென்று வெடித்தது. சாணத்தில் நெல் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். வாசனைகூட நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"இன்னாமே புதுப்பொண்ணு, ஊட்டுக்காரருக்கு வேர்க்கல்ல வறுக்கறியா? வாசனை எங்க ஊடு வரைக்கும் வந்துகினு கீது."

"இல்லக்கா, நெல்லு அவிக்கறேன்."

"நெல்லு எப்பலேந்து வேர்க்கல்ல வாசனை அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் அடுப்பைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தார். சுவரில் வட்ட வட்டமாகத் தழும்பு மட்டும் இருந்தது. அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி! ஒங்க மாமியாளோட சொரைய வறுத்துட்டியே!"

கூடையில் மிஞ்சியிருந்த இரண்டு வறட்டியை அவரே உடைத்துப் பார்த்தார். ஒன்றில் பீர்க்கன் விதை. இன்னொன்றில் புடலை விதை. சுரை எல்லாம் முதலிலேயே உள்ளே போயிருந்தது.

"பீக்கங்கா, பொடலங்கா, பூசணி எல்லாம் நான் குடுக்கறேன். அதுக்கெல்லாம் கவலப்படாத. ஆனா அந்தச் சொரைக்கு நான் எங்க போவேன்? ஒங்க மாமியா ஊருக்கெல்லாம் காய் குடுப்பாங்க. ஆனா நகம் எறங்கற பிஞ்சா பாத்துத்தான் குடுப்பாங்க. முத்தின காய் இந்த வாசப்படி தாண்டாது."

அந்தச் சுரை அத்தை பிறந்த வீட்டுச் சுரை. கல்யாணத்தன்று புடவைக் கொசுவத்தில் விதையைச் செருகிக்கொண்டு வந்தாராம். அடி பெருத்து, கழுத்து சிறுத்து, இடுப்பில் வைக்கிற குடம் மாதிரி இருக்குமாம். ஒரு காய் இரண்டு வேளைக்குக் கூட்டு, தோல் துவையல், முத்திவிட்டால் ஓடு உப்புக்கு ஏனம். அந்த வீட்டில் வைகாசி வெயிலில் சோற்றுக்குத் துணை அதுதான். நான் வந்ததும் வராததுமாக அதன் வம்சத்தையே அவித்த நெல்லுக்கு விறகாக்கிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கம்மா வர்ற அன்னிக்கு முன்னாலயே சொல்லிடு. நான் ஏத்தத்து மேல ஏறி நின்னுக்கறேன். நீயாச்சு, அவங்களாச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பங்குனிக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் அந்தக் கலகலச் சத்தம் போனது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு மட்டும் என் கை நின்றுபோனது. குடுக்கைக்குள் கலகலப்பது எது? சாண வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணாத்தே! அண்ணாத்தே, நில்லுங்க!"

இலை பறிக்கிறவர் திரும்பினார். அவர் அத்தைக்கு அண்ணன் பிள்ளை முறை. என்னைத் தங்கச்சி என்பார்.

"இன்னா தங்கச்சி, தலைய விரிச்சிப் போட்டுகினு ஓடியாற? ஊட்ல எல்லாம் நல்லாத்தானே கீறாங்க?"

"நல்லா கீறாங்க. இந்தக் குடுக்கை எங்க ஊட்டுதா?"

"ஒண்ணு பூந்தமல்லி சந்தையில வாங்கினது. இது அத்தே குடுத்தது, ரெண்டு வருஷம் ஆவுது. இன்னாத்துக்கு? திருப்பிக் கேட்டு உட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தக் குடுக்கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். உள்ளே விதைகள் பேசின. ஊரில் அத்தை வீட்டு வாசற்படி தாண்டிப் போன ஒரே முத்தின காய் அதுதான். மிதப்பதற்கென்று முழுசாகக் காயவைத்துக் கொடுத்ததால் யாரும் அதைத் திறக்கவே இல்லை.

"ஒடைக்கச் சொல்றியா?" என்றார்.

அந்தக் குடுக்கை அவருக்கு என்னவென்று எனக்கும் தெரியும். எங்கள் தாமரைக் குளம் ஆழத்தில் பெரியதில்லை. சேற்றில்தான் பெரியது. காலை ஊன்றினால் தொடை வரைக்கும் இழுக்கும். அதனால் அவர் இரண்டு குடுக்கைகளை மார்புக்கடியில் கட்டிக்கொண்டு, தரையைத் தொடாமல் மிதந்தபடியே நடுக்குளம் வரை போய் இலை அறுப்பார். பூந்தமல்லிப் பூக்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இலை அப்படித்தான் போயிற்று.

"ஒண்ணு போச்சுன்னா நான் ஓரத்து இலையத்தான் பொறுக்கணும், தங்கச்சி. கொழந்த வெளாடற தண்ணியில என்னைப் பாத்தா ஊரே சிரிக்கும்."

"ஒடைக்க வேணாம் அண்ணாத்தே. காம்பாண்ட சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அப்பறம் அடைச்சிட்டா?"

"அடைச்சா அடைச்சதுதான். தண்ணிக்கு அது தெரியாமலா இருக்கும்?" என்றார். குடுக்கையை இன்னொரு தரம் குலுக்கினார். அவர் குளத்துப் பக்கம் பார்த்தார், எங்கள் சுவர்ப் பக்கம் பார்த்தார். "இத குடுக்கசொல்ல அத்தே என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கொடியில மொதல்ல புடிக்கற காய பறிக்காம உடணும். அது முத்தி, காஞ்சி, எனக்கு வரணும். சரியா?"

"சரி" என்றேன். அது என் காயா, நான் கொடுக்கலாமா என்றெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் காம்பருகே துளைத்தார். முறத்தின் மேல் கவிழ்த்துத் தட்டத் தட்ட, ஒன்று, இரண்டு என்று வந்தன. உள்ளே காய்ந்த சக்கையில் மாட்டிக்கொண்டவற்றைத் துடைப்பக் குச்சியால் நோண்டினார். பதினான்கு விதை வந்தது. அதற்கு மேல் நிறுத்திவிட்டார்.

"மீதி உள்ளயே கெடக்கட்டும். சத்தம் இல்லாம நான் போனா இந்தத் தெரு எழுந்துக்காது" என்று சொல்லிவிட்டு, மெழுகில் தோய்த்த துணியால் துளையை அடைத்துக் கட்டினார்.

சுவரில் மறுபடி தட்டிவைத்துவிடு, யாருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. தட்டினேன். சுரைக்கு ஏழு வறட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை. மீதித் தழும்புகளை அக்கா கொடுத்த பீர்க்கன், புடலை, பூசணி விதை வறட்டிகளால் மறைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் அசல் அத்தை தட்டினது மாதிரியே இருந்தது. என் கண்ணுக்கு.

பங்குனி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அத்தை வந்து இறங்கினார். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தார். கால் அலம்பினார், மாட்டைத் தடவிக்கொடுத்தார், விரித்த துணியில் வேப்பம்பூ கிடப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு பின்பக்கம் போனார். நான் அடுக்களைக்குள்ளேயே நின்றேன்.

"இங்க வா" என்றார்.

போனேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போயி வர்றதுக்குள்ள செவுத்துக்கு வயசு கொறஞ்சிடுச்சா?"

வறட்டி ஒன்றின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். தட்டும்போது பதிந்த விரல் அடையாளம் ஐந்தும் நேராக, நீளமாக இருந்தது. அவர் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்து தனியே நின்றது.

"இது என் கை இல்லையே, கண்ணு."

அந்தக் கண்ணு என்ற சொல் என்னை உடைத்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, நெல், வேர்க்கடலை வாசனை, குடுக்கை, பதினான்கு விதை. முதல் காயைப் பற்றிக் கொடுத்த வாக்கை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் திட்டவில்லை. "பதினாலா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஏழு குழி எடுத்து, சாம்பலும் மக்கின எருவும் போட்டு, ஏழு வறட்டியையும் வைத்து மூடினார். நான் குளிக்கிற தண்ணீர், அவர் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் அலம்புகிற தண்ணீர் எல்லாம் அந்தக் குழிகளுக்குத்தான் போயிற்று. வாழை நான்கு நாள் தாகத்தோடு நின்றது.

ஐந்தாம் நாள் வரை ஒன்றும் முளைக்கவில்லை. ஆறாம் நாளும் இல்லை. ஏழாம் நாள் அத்தை குழி ஓரத்தில் குந்தி, மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். என்னிடம் சோறு போடு, மாட்டைக் கட்டு என்பதற்கு மேல் பேச்சில்லை. வீட்டுக்காரர் என் காதோடு, "இன்னும் திட்டலையா? அப்ப பெருசா எதோ வந்துகினு கீது" என்றார். எனக்கும் அதுதான் பயம். குளத்திலே இரண்டு வருஷம் மிதந்த விதையில் உயிர் இருக்குமா என்று அத்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது போய்விட்டால் அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் வேறெதுவும் இந்த வீட்டில் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் ஊற்றப் போனேன். கோடிக் குழியில் மண் பொருக்கு விட்டு, கூன் விழுந்த மாதிரி ஒரு பச்சை எட்டிப் பார்த்தது.

"அத்தே!"

ஓடி வந்தார். வளைந்த சுண்டுவிரலால் மண்ணை மெல்லத் தள்ளினார். முளையின் தலையில் விதைத்தோல் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் இன்னொரு குழியில் ஒன்று, சாயங்காலம் மூன்றாவது. அதோடு சரி.

மூன்றாவது முளையைப் பார்த்துவிட்டு எழுந்தவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, உனுக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா இல்லியா? ராட்டி இல்லன்னா பக்கத்து ஊட்ல கேக்கறதுக்கு வாயி இல்ல? செவுத்துல கீறதெல்லாம் அடுப்புக்கா? நாளைக்கு ஊட்டுக் கதவு காஞ்சி கீதுன்னு அதையும் பேத்து வெப்பியா? அம்பத்தூர்ல ஒங்க அம்மா இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

படுக்கிற வரைக்கும் திட்டு விழுந்தது. மறுநாள் காலையிலும் மீதி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "போதும் உடுங்கக்கா, பொண்ணு எளைச்சிடப் போவுது" என்றார். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. ஒன்பது நாளில் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கொடி ஏறியது. வைகாசியில் முதல் பிஞ்சு இறங்கி, கழுத்து சிறுத்துக் குடமாகத் திரண்டது. அத்தை அதன் காம்பில் மஞ்சள் நூல் கட்டினார். "இது வெதைக்கு. இதாண்ட யாரும் போவக்கூடாது" என்றார். குளத்துக்காரருக்கு நான் வாக்குக் கொடுத்த காயும் அதுதான்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவருமே விடிந்து வெகுநேரம் தூங்கிவிட்டோம். அத்தை அலறியடித்து எழுந்தார்.

"இன்னாடி இது, வெயிலு வந்துடுச்சு! குளத்துக்காரன் இன்னிக்குப் போவலையா?"

போயிருந்தார். ஒற்றைக் குடுக்கையோடு, கலகலப்பில்லாமல் போயிருந்தார். மெழுகு விட்டு, அத்தை கொடுத்த குடுக்கை தண்ணீர் குடித்து அழுகிவிட்டதாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், ஓரத்து இலைதான் பறிக்கிறார் என்று. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. முதல் காயைப் பற்றிக் கொடுத்த வாக்கைச் சொன்னேன்.

அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"என் காய்க்கு நீ வாக்கு குடுத்தியா?"

"ஆமா அத்தே."

"மொத காய்லதான் வெதை தெரண்டு இருக்கும். அதப் போயி குளத்துல உடச் சொல்றியா?"

"விதை உள்ளயேதான் இருக்கும் அத்தே. போன தரம் அங்க இருந்ததாலதானே இப்ப நம்மகிட்ட இருக்குது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த திட்டு வருகிறது என்று நினைத்தேன். அவரோ பந்தலுக்குப் போய், மஞ்சள் நூலை அவிழ்க்காமல், பக்கத்தில் இறங்கியிருந்த இரண்டாவது பிஞ்சுக்கு இன்னொரு நூல் கட்டினார்.

"ஒண்ணு ஊட்டுக்கு. ஒண்ணு அவனுக்கு. ஓட்டை கீட்டை போட்டான்னா கைய ஒடைப்பேன்னு சொல்லு."

ஆடியில் குளத்துக்காரருக்கென்று விட்ட காய் காய்ந்து கலகலத்தது. அத்தையே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த தையில் விதை வறட்டியைத் தட்டியது நான். காய்வதற்கு முன் அத்தை ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார், உன்னை நம்ப முடியாது என்று சொல்லிக்கொண்டே. அதைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டு அக்கா, அந்த வாரமே தன் வீட்டுச் சுவரிலும் பொட்டு வைத்துவிட்டார்.

விடியலில் வேலியோரம் இரண்டு குடுக்கைகள் மறுபடி கலகலத்துப் போக ஆரம்பித்தன. அத்தை என் காலைத் தட்டுவார்.

"எழுந்திரு, எழுந்திரு. நம்ம சொரை குளிக்கப் போவுது பாரு. அதுக்கு இருக்கற சுறுசுறுப்பு உனுக்கு இல்ல."